இனி எனக்கு வழி இருக்கா? எல்லைப் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பக்கம் நெடுகத் தமிழ் பேசுகிற ஊர்கள். வீடு கேரளத்தில், வேலை கோயமுத்தூரில், பெண் கொடுத்து எடுப்பது பொள்ளாச்சியில் என்று இருக்கிறவர்கள் நாங்கள். ஊர் வாசகசாலையில் சாயங்கால நேரத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க உட்காருகிறேன். வருகிறவர் கையில் ஏதோ ஒரு ஃபாரம் இருக்கும். அதை நிரப்பி முடித்ததும் எழுந்து போகாமல் இன்னொன்று கேட்பார். பெரும்பாலும் அது வயதைப் பற்றியது, எப்போதோ எடுத்த முடிவைப் பற்றியது.

அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது. ஒருமுறை சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

1. வயசு ஏற ஏற வழி குறையும்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமாவே அப்படித்தானுங்களா?

குறையும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி குறைவதில்லை. சில வழிகளைச் சட்டம் அடைக்கிறது. இந்தத் தேதிக்கு இத்தனை வயது தாண்டியிருந்தால் விண்ணப்பிக்க முடியாது, அவ்வளவுதான். சிலதை உடம்பு அடைக்கிறது. அதற்குத் தேதி கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். மூன்றாவது வகை நாமே கட்டிக்கொண்டது: கடன், நிலம், கல்யாணம், பிள்ளைகள், கை பழகிப்போன வேலை.

நான் பார்த்தவரை ஜனங்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தேதி போட்டு அடைபடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கக்கூடிய மூன்றாவது வகையை ‘இனி ஒண்ணும் ஆகாது’ என்று தலைமுழுகிவிடுகிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2. எந்த வயசுல எது முடியும்? மொத்தமா ஒரு கணக்கு சொல்லிடுங்க.

கேரள போலீஸ் கான்ஸ்டபிளுக்குப் பொதுப்பிரிவில் 26. யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 32, ஓபிசிக்கு 35, எஸ்சி எஸ்டிக்கு 37. கேரள பிஎஸ்சியில், அதாவது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில், கிளார்க் மாதிரியான வேலைகளுக்கு அதே வரிசையில் 36, 39, 41. மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர 40. இவை பொதுவான வரம்புகள். ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை.

மேல்வரம்பே இல்லாதவையும் இருக்கின்றன. டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வுக்கு இருந்த மேல்வயது 2022-ல் நீக்கப்பட்டது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க வயது தடையில்லை. கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும், பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை அறுபதிலும் எழுதுகிறார்கள்.

3. ஸ்கூல்ல சேர்க்கறப்ப அப்பா ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டாருங்க. அதனால என்ன பெருசா போயிடும்?

நிறையப் போகும். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இருக்கும் தேதிதான் சட்டத்துக்கு நம் பிறந்தநாள். மேலே சொன்ன ஒவ்வொரு வரம்பும் அதை வைத்துத்தான் கணக்காகும். ஒரு வருடம் கூடியிருந்தால் பரீட்சை எழுதுவதிலும் ஒரு வருடம் போகும், ரிட்டயர் ஆவதிலும் ஒரு வருடம் போகும். எங்கள் பக்கம் பெரியவர்கள் பலருக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது.

பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்தால் சின்ன வயதிலேயே திருத்திவிடுங்கள். அரசு வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறப்போகும் சமயத்தில் பிறந்த தேதியை மாற்றக் கேட்டுப் போனவர்களை உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் திருப்பி அனுப்பியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ள தேதியைக் கொடுங்கள்.

4. எனக்கு முப்பத்தேழு ஆச்சு, ஓபிசி. பிஎஸ்சி இன்னும் எழுதலாமா, இல்ல விட்டுத் தொலைச்சிடலாமா?

சட்டப்படி உங்களுக்கு 39 வரை இருக்கிறது. ஒதுக்கீட்டுக்கு, கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதியானவர்கள் பிரிவு) வரவில்லை என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று, அறிவிப்பு வருகிற வருடத்தின் ஜனவரி 1 அன்று உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும்போது வயது இருந்தால் போதும். ரேங்க் லிஸ்டுக்கு மூன்று வருடம் வரை உயிர் உண்டு, அதனால் வேலை உத்தரவு வரும்போது நாற்பதைத் தாண்டியிருந்தாலும் கவலையில்லை.

எழுதலாமா என்பது வேறு விஷயம். நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பாலக்காடு மாதிரி மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று தனியாகக் கிளார்க் பதவி அறிவிப்பு வரும். போட்டி அங்கே குறைவு. இருக்கிற வேலையை விடாமல், இனி வரும் ஓர் அறிவிப்புக்கு முழு மூச்சாகப் படியுங்கள் என்பேன். வேலையை விட்டுவிட்டு, மனைவியின் தையல் வருமானத்தில் குடும்பம் ஓட, மூன்று வருடம் படிக்க உட்காருவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

5. பையனை ஒண்ணாவதுல தமிழ் மீடியத்துல போட்டா பின்னால வழி அடைஞ்சிடுமோன்னு பயமா இருக்குங்க.

இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இங்கே இல்லை. பயம் எனக்குப் புரிகிறது. மலையாள மீடியத்தில் போட்டால் ஆபீஸ் வேலைக்கு நல்லது, இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் உலகத்துக்கு நல்லது, தமிழில் போட்டால் எதற்கும் ஆகாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது அப்படி இல்லை. கேரளத்தின் 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது. பிஎஸ்சி பல தேர்வுகளின் கேள்வித்தாளைத் தமிழிலும் தருகிறது. தமிழ் மீடியம் பள்ளிகளுக்கென்றே ஆசிரியர் பதவிகள் இருக்கின்றன. பத்தாவது முடித்துப் பட்டப்படிப்புக்குப் போனால் எப்படியும் இங்கிலீஷுக்கு மாறத்தான் வேண்டும். அது மலையாள மீடியத்தில் படித்த பிள்ளைக்கும் உள்ள கஷ்டம்தான்.

வழியை உண்மையில் அடைப்பது எது தெரியுமா? தமிழ் மீடியத்தில் போட்டுவிட்டு, மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் விடுவது. நம் பிள்ளைகள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். கடையில், பஸ்ஸில் பேசிப் பேசி அது வந்துவிடும். எழுதச் சொன்னால் கூட்டெழுத்தில் தடுமாறுவார்கள். வில்லேஜ் ஆபீஸில் கோப்பு மலையாளத்தில்தான் வரும். எட்டு வயதுக்குள் தினம் அரை மணி நேரம் மலையாளம் எழுத வைத்தால் அதற்கப்புறம் அவனை எந்த மீடியமும் கட்டிப்போடாது. முப்பது வயதிலும் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் வேலைக்குப் போய்வந்த களைப்பில், வெட்கப்பட்டுக்கொண்டு கற்க வேண்டியிருக்கும்.

6. ஆறாவதுக்கே பொள்ளாச்சிப் பக்கம் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்தினா டாக்டர் சீட்டு ஈஸின்னு சொல்றாங்களே?

இதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். நிபந்தனை, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆக, பதினோரு வயதுப் பிள்ளைக்காக நாம் எடுக்கிற முடிவு பதினெட்டில் அவன் கைக்கு வருகிறது. ஏழாவதில் மாற்றினால் கணக்கில் வராது. தேதி போட்டு அடைபடும் வழிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

மீதிப் பாதியையும் கேளுங்கள். நீட் மதிப்பெண் இல்லாமல் ஒதுக்கீடு தானாகச் சீட்டுத் தராது. இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர்ச் சான்று வைத்துக்கொண்டு இரண்டிலும் இடம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விண்ணப்பமே தள்ளுபடியாகும். ஜாதிச் சான்றும் எல்லை தாண்டினால் அதே பலன் தராது. ஒரு மாநிலத்து எஸ்சி எஸ்டி சான்றை வைத்து இன்னொரு மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டி வீடு அங்கே இருக்கிறது, பிள்ளைக்கும் போக விருப்பம் என்றால் மாற்றுங்கள். டாக்டர் சீட்டு ஒன்றை மட்டும் நினைத்துப் பதினோரு வயதில் வீட்டைவிட்டுப் பிரிக்க வேண்டாம்.

7. பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்துட்டேன். இனி சயின்ஸ் பக்கமே போக முடியாதா?

கஷ்டம், ஆனால் பூட்டு இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பாடத்தைத் தனியாகச் சேர்த்து எழுதலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதி வந்தாலும் நீட்டுக்குத் தகுதி உண்டு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் அறிவித்தது. ஒரு வருடம் போகும். பதினேழு வயதில் ஒரு வருடம் பெரிய விஷயமே இல்லை.

8. மில்லுல ஒம்பது வருஷம் ஆச்சு. பிஎஃப் மொத்தத்தையும் எடுத்து பைக் வாங்கலாம்னு இருக்கேன். தப்பாங்க?

பைக் தப்பில்லை. ‘மொத்தத்தையும்’ என்பதுதான் தப்பு. உங்கள் கணக்கில் இரண்டு பானை இருக்கிறது. ஒன்று பிஎஃப், இன்னொன்று பென்ஷன். முதலாளி கட்டுகிற பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போகிறது. மொத்தம் பத்து வருட சர்வீஸ் முடிந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் கிடைக்கும். வேண்டுமென்றால் 50-லேயே வாங்கலாம், முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். பத்து வருடம் ஆவதற்கு முன் பென்ஷன் பங்கையும் உருவிவிட்டால் சர்வீஸ் பூஜ்யமாகிவிடும். அடுத்த மில்லில் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கோயமுத்தூர், கஞ்சிக்கோடு, திருப்பூர் என்று வேலை மாறிக்கொண்டே இருக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். இருபது வருடம் உழைத்த பிறகு பென்ஷனுக்குப் பத்து வருடம் தேறாமல் நிற்கிறவர்கள் உண்டு. பத்து வருடமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. பழைய யூஏஎன் நம்பரையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்து மாற்றிக்கொண்டே போனால் எல்லாம் சேரும். வேலையை விட்டு நிற்பதானாலும் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வையுங்கள், சர்வீஸ் அப்படியே இருக்கும்.

9. மாசக் கடைசியில நூறு ரூபா மிஞ்சினா பெருசு. பென்ஷனுக்கெல்லாம் நாப்பதுல பார்த்துக்கலாமே?

அடல் பென்ஷன் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வர வேண்டும். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 25-ல் சேர்ந்தால் 376, 30-ல் 577, 35-ல் 902, 40-ல் 1,454. மொத்தமாகப் பார்த்தால் 18-ல் சேர்ந்தவர் 42 வருடத்தில் கட்டுவது 1,05,840 ரூபாய். 40-ல் சேர்ந்தவர் 20 வருடத்தில் கட்டுவது 3,48,960. கிடைப்பது இருவருக்கும் ஒன்றேதான். 40 தாண்டினால் சேரவே முடியாது. வருமான வரி கட்டுகிறவர்களை 2022 அக்டோபர் முதல் இதில் சேர்ப்பதில்லை.

அன்றைக்கு 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பது உண்மைதான். அதற்காக ஒன்றுமே இல்லாமல் அறுபதில் நிற்கலாமா? நூறு ரூபாய்தான் மிஞ்சும் என்றால் 1,000 ரூபாய்ப் பென்ஷனுக்குச் சேருங்கள். 18 வயதில் அது மாதம் 42 ரூபாய். வசதி வந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சேராதவருக்கு அந்த வசதி இல்லை.

10. ரெண்டு ஏக்கர்ல தென்னை வைக்கச் சொல்றாங்க. வச்சா அறுவது வருஷத்துக்கு நம்மளக் கட்டிப் போட்டுடுமே?

கட்டிப் போடும். நெட்டை மரம் பாளை விட ஆறேழு வருடம் ஆகும். அப்புறம் அறுபது வருடம் காய்க்கும். கடலையோ நெல்லோ போட்ட நிலத்தை அடுத்த பட்டத்தில் மாற்றலாம், தென்னையை அப்படி மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கட்டுக்கு விலை கிடைக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில், வயதான காலத்தில், தினமும் வயலில் குனியாமல் வருமானம் தருவது தோப்புதான். சித்தூர்ப் பக்கம் மரத்தைக் கள்ளுக்கு விட்டால் அது தனி வருமானம்.

இதில் நீங்கள் என்ன வயதில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். வண்ணாமடைப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவர் கன்று வைக்கிறதைப் பார்த்தேன். கயிற்றில் 25 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு விழுந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போனார். பாதி நிலத்துக்கு நெட்டை, வாய்க்கால் ஓரமாக மட்டும் குட்டை. “குட்டை மூணு நாலு வருஷத்துல காய்க்கும் சாமி, அது எனக்கு. நெட்டை பேரனுக்கு” என்றார். நடுவில் வாழை போட இடம் விட்டிருந்தார். முப்பது வயதுக்காரர் முழுக்க நெட்டை வைக்கலாம். அறுபதுக்காரர் இவரைப் போலப் பிரித்து வைப்பதே சரி.

11. பொள்ளாச்சியிலிருந்து கட்டிக்கிட்டு வந்தேங்க. பி.எட். இருக்கு. பத்து வருஷம் வீட்டுலயே போயிடுச்சு. இனி டீச்சர் ஆக முடியுமா?

இதைக் கேட்டு வந்த ஓர் அம்மிணி ஜவுளிக்கடை மஞ்சப்பையில் எல்லாச் சான்றிதழும் கொண்டுவந்திருந்தார். பட்டச் சான்றிதழை லேமினேட் பண்ணி வைத்திருந்தார். ஜாதிச் சான்று நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. கல்யாணச் சான்றிதழ் எடுக்கவே இல்லை. பத்து வருட இடைவெளியைவிட இந்தக் காகிதங்கள்தான் அவருக்குத் தடை.

சொன்னது இதுதான். கேரள பிஎஸ்சியில் ஆசிரியர் பதவிகளுக்குப் பொதுப்பிரிவிலேயே 40 வயது வரை உண்டு. தமிழ்நாட்டு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இங்கே உதவாது, கேரளத்தின் கே-டெட் எழுத வேண்டும். பட்டமும் பி.எட்.டும் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்குச் சமம் என்று சான்று வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஜாதி ஒதுக்கீட்டுக்கு 6-ம் பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும். கல்யாணம் பண்ணி வந்ததால் மட்டும் கேரளத்துச் சலுகை கிடைத்துவிடாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்லது: தமிழ் மீடியம் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் பதவிகளுக்குத் தமிழில் படித்தவர்கள்தான் வேண்டும். அங்கே இவர் படிப்பு பலம்.

இனி கல்யாணமாகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. சமச்சான்றையும் கல்யாணச் சான்றிதழையும் வந்த வருடமே எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகாவிட்டாலும் எடுங்கள். நர்ஸ் படித்தவர்கள் கவுன்சில் பதிவையும் இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

12. முப்பத்து மூணு வயசு. குழந்தையை இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போடலாம்னு இருக்கோம். அத்தை ஒரே தொந்தரவு. யார் சொல்றது சரி?

அத்தை சொல்கிற முறை சரியில்லை, உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. பெண்ணுக்கு 35 வயதை ஒட்டிக் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையத் தொடங்குகிறது. ஆணுக்கும் வயது ஒரு பொருட்டுதான், அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. தள்ளிப்போடுவது உங்கள் இருவர் உரிமை. தள்ளிப்போடுவதற்கு முன் இருவருமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

இதிலும் சட்டத்தின் தேதிகள் இருக்கின்றன. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு 2021-ம் வருடச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரம்பு. தத்தெடுப்பதற்கு 2022-ம் வருட விதிகள் தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்க்கின்றன. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டுத்தொகை 85-க்குள் இருக்க வேண்டும், நாலு வயது வரை 90, எட்டு வரை 100, அதற்கு மேல் 110. நாற்பத்தைந்துக்கு மேல் தத்துக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் கைக்குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆறேழு வயதுப் பிள்ளையைத் தரும் வழி அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னால் சிலர் முகம் மலர்கிறது.

13. முப்பது வருஷமா புகை. அம்பது ஆகப்போகுது. இப்ப விட்டு என்னங்க பிரயோஜனம்?

பிரயோஜனம் உண்டு, அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவர் குழு ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 வருடம் தொடர்ந்து கவனித்தது. 2004-ல் வந்த முடிவு இது: 30 வயதில் சிகரெட்டை விட்டவர்களுக்குச் சராசரியாக 10 வருட ஆயுள் மிஞ்சியது. 40-ல் விட்டவர்களுக்கு 9, 50-ல் விட்டவர்களுக்கு 6, 60-ல் விட்டவர்களுக்கும் 3.

உடம்பு அடைக்கும் வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும் என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். இப்போது விட்டாலும் உங்களுக்கு அந்த ஆறு வருடம் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது. தாலூகா ஆஸ்பத்திரியில் கேளுங்கள், விடுவதற்கு உதவி செய்வார்கள்.

14. அம்பத்தஞ்சுல படிப்பு ஏறுமாங்க?

ஏறும். மனப்பாடம் செய்கிற வேகம் குறையும், புது மொழியின் உச்சரிப்பு நாக்கில் சிக்கும். ஆனால் சொல்வளமும் விஷயத்தைப் புரிந்துகொள்கிற திறமும் அந்த வயதிலும் வளர்கின்றன. ஆலப்புழாவைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல் 96 வயதில் சாட்சரதா மிஷன் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். எல்லோருக்கும் அது ஆகும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அவரைவிட நாற்பது வயது குறைவு என்பதை மட்டும் சொல்கிறேன்.

15. வீட்டை இப்பவே மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துடலாமா? எப்படியும் அவனுக்குத்தானே.

அவசரப்படாதீர்கள். இந்த வயதில் எடுக்கிற முடிவுகளில் வழியை அடியோடு அடைக்கக்கூடியது இதுதான். உயில் எழுதினால் சாகிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிவு செய்துவிட்டால் அன்றே வீடு அவனுடையது. மகன் நல்லவன்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் மகனுக்குக் கடன் வரலாம், உங்களுக்கு முன்னால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடலாம், வீடு ஜப்திக்குப் போகலாம். அப்போது நீங்கள் வாடகைக்கு இருப்பவர் கூட இல்லை.

எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பத்திரத்தில் இருக்கட்டும். ஒன்று, நீங்களும் உங்கள் துணையும் உயிரோடு உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை. இரண்டு, உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்துத்தான் வேலை செய்கிறது. கவனிக்காமல் விட்டால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குப் பெற்றோர் பக்கம் நின்று பொருள் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும், எழுபது வயதில் தீர்ப்பாயம் ஏறி இறங்குவது என்ன பாடு என்று பார்த்தவன் சொல்கிறேன்: உயில் எழுதுங்கள். பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதுங்கள்.

16. எதுலயும் மாட்டாம எல்லா வழியையும் தொறந்து வச்சுக்கிட்டே இருந்தா நல்லதுதானுங்களே?

அப்படி இருக்கவே முடியாது. 25 முதல் 36 வரை பிஎஸ்சி மட்டும் எழுதிக்கொண்டு, வேறு வேலைக்குப் போகாமல், கல்யாணத்தையும் தள்ளி வைத்த பையன்கள் இங்கே இருக்கிறார்கள். எந்த வழியையும் அடைக்கவில்லை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தொழில் கற்கும் வயதும் பென்ஷன் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வயதும் போய்விட்டன. 10-ம் பதிலில் வந்த பெரியவர் தென்னையில் கட்டுண்டவர்தான். பேரன் காலத்துக்கு ஒரு தோப்பு இருக்கும்.

நான் வருகிறவர்களிடம் கேட்கச் சொல்வது மூன்று. இந்த முடிவைத் திருப்பிக்கொள்ள முடியுமா? திருப்பினால் என்ன செலவு? எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும்? திருப்பக்கூடியது என்றால் சீக்கிரம் முடிவெடுங்கள், தப்பானால் மாற்றிக்கொள்ளலாம். திருப்ப முடியாதது என்றால் நாலு பேரிடம் கேளுங்கள், ஒரு மாதம் ஆறப்போடுங்கள்.

17. நாங்க எங்க முடிவு எடுத்தோம்? எல்லைக்கு இந்தப் பக்கம் பொறந்ததுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?

இந்தக் கேள்விக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்தில் நின்றது. தேவிகுளம், பீர்மேடு இங்கேயே நின்றன; செங்கோட்டை அந்தப் பக்கம் போனது. எந்த மாநிலத்து ஒதுக்கீடு, எந்த மொழியில் கோப்பு, எந்த வயது வரம்பு என்பதெல்லாம் அன்றைக்கே நமக்காக முடிவாகிவிட்டன. நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவர், அண்ணன் படிக்கட்டும் என்று எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண், இவர்கள் வழி குறுகியதற்கு அவர்கள் எடுத்த முடிவு காரணமில்லை. ‘நீ சரியா முடிவெடுக்கலை’ என்று அவர்களைப் பார்த்துச் சொல்வதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் யாரிடமும் முதலில் ‘ஏன் அப்போதே பண்ணவில்லை’ என்று கேட்பதில்லை. பிறந்த தேதியையும் இருக்கிற காகிதத்தையும்தான் கேட்கிறேன்.

18. சரி, உங்களப் பார்க்க வரும்போது என்ன கொண்டு வரணும்?

எஸ்எஸ்எல்சி புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று, யூஏஎன் நம்பர் இருந்தால் அது. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அசல் எதையும் இனி லேமினேட் பண்ணாதீர்கள், பின்பக்கம் முத்திரை வைக்க முடியாமல் போகும். பிஎஸ்சி அறிவிப்புக்காக வருகிறவர்கள் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வாருங்கள். கடைசி நாள் ராத்திரி அக்ஷயா மையத்தில் (இணையத்தில் விண்ணப்பம் போட்டுத் தரும் சேவை மையம்) சர்வர் கிடைக்காது.